அடிப்பதா, படிப்பதா?

சென்ற இதழில் சிவிலைசேசன் விளையாட்டில் முதலாவது நகரத்தை எங்கே நாட்டுவது என்று எழுதியிருந்தோம். ஆற்றோரம், கடற்கரை, சுற்றிவரப் புல்வெளி என்று நாம் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எம்மிடம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "பக்கத்து நாட்டுக்காரனை எப்ப அடிக்கத் தொடங்கலாம்?" பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அதைத்தான் கேட்கிறது. இரவு வேலை முடித்து வந்து கணனிக்கு முன்னால் குந்துகிற தகப்பனும் அதைத்தான் கேட்கிறார்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. சிட் மையர், புறூஸ் ஷெல்லி என்ற இருவர் உருவாக்க, மைக்றோபுறோஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி 1991 இல் வெளியிட்ட விளையாட்டு இது. கி.மு. 4000 இல் ஒரு கூட்டம் குடியேறிகளுடன் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று நகரம் கட்டி, கலைகளைக் கண்டுபிடித்து, கடைசியில் விண்வெளிக்குக் கப்பல் அனுப்புவது வரை போகலாம். அல்லது எல்லோரையும் பிடித்து முடிக்கலாம். ஏழாவது பதிப்பும் 2025 இல் வந்துவிட்டது. ஆனாலும் நாம் முதலாவதைப் பற்றியே எழுதுகிறோம். பழைய கணனியிலும் ஓடும், விதிகளை மனதில் வைத்திருக்கலாம் என்பதுதான் காரணம். அது கிடைக்காதவர்கள் பிறீசிவ் என்பதைத் தேடுங்கள். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் செய்து 1996 இல் வெளியிட்டது. இன்றைக்கும் இலவசம். எண்கள் அங்குமிங்கும் மாறும், யோசிக்கும் முறை மாறாது.

ஆட்டத்தின் தொடக்கத்தில் எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று கணனி கேட்கும். யாரிடமும் கற்காமல் நேரடியாக எடுக்கக் கூடியவை ஏழு: அரிச்சுவடி, வெண்கல வேலை, ஈமச்சடங்கு, குதிரையேற்றம், மேசன் வேலை, மட்பாண்டம், சில்லு. ஒரு சுற்று 20 வருடம். முதலாவது கலை கையில் வர எத்தனையோ சுற்றுக்கள் போய்விடும். இரண்டாவது அதைவிடச் செலவு, மூன்றாவது இன்னும் செலவு. ஆகவே முதல் மூன்றையும் எந்த ஒழுங்கில் எடுக்கிறோம் என்பதில்தான் முதல் நூறு சுற்றும் தங்கியிருக்கிறது.

பெரும்பாலான பெடியள் எடுப்பது சில்லு. ஏன் என்பது விளங்கக் கூடியதே. சில்லு வந்தால் தேர் வரும். தேரின் தாக்குதல் 4, காவல் 1, ஒரு சுற்றில் இரண்டு கட்டம் ஓடும். அந்தக் காலத்தில் அதற்கு நிகராக எதுவும் இல்லை. வெண்கல வேலையால் வரும் பலாங்ஸ் படையின் தாக்குதல் 1, காவல் 2. இரும்பு வேலை தெரிந்தால் வரும் லீஜனுக்குத் தாக்குதல் 3, ஆனால் நடை ஒரு கட்டம்தான். குதிரைப்படைக்குத் தாக்குதல் 2.

இனிக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கு வந்தால் பின்வாங்குக்குப் போன நாம் இந்த விளையாட்டில்தான் அதை ஒழுங்காகப் படித்தோம். தாக்குகிறவரின் எண்ணையும் காப்பவரின் எண்ணையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையில் உங்கள் பங்கு எவ்வளவோ, குத்துமதிப்பாக அதுதான் வெல்லும் வாய்ப்பு. பலாங்ஸ் ஒன்று நகரத்துக்குள் அரண் போட்டு இருந்தால் அதன் 2 ஒன்றரை மடங்காகி 3 ஆகும். உங்கள் தேர் 4. அப்போ ஏழு தரம் அடித்தால் நாலு தரம் வெல்லுவீர்கள். பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நகரம் குன்றின் மேல் இருந்தால் காவல் இரட்டிப்பு. 3 என்பது 6 ஆகிவிடும், பத்துக்கு நாலுதான் உங்களுக்கு. குன்றின் மேல் இருக்கிற ஊரைத் தேரை வைத்து அடிக்கப் போகிறவருக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்குப் பரிகாரம் பரக்ஸ். அதைக் கட்ட 40 கேடயம். அதில் பயின்று வரும் படையின் பலம் ஒன்றரை மடங்கு. தேர் ஒன்றுக்கும் 40 கேடயம்தான். நாலு தேர் கட்டுகிற செலவில் ஒரு பரக்ஸும் மூன்று தேரும் கட்டலாம். நாலு தேரும் ஏழுக்கு நாலு என்று அடிக்கும். மூன்று தேரும் ஒவ்வொன்றும் 6 பலத்துடன், மூன்றுக்கு இரண்டு என்று அடிக்கும். எமது எண்ணப்படி இரண்டாவதே மேல். வெல்லுகிற தேர் திரும்பவும் அடிக்கும். சாகிற தேரின் 40 கேடயம் போனது போனதுதான்.

ஆனால் இந்த 40 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு கூட்டம் குடியேறிகளைச் செய்யவும் அதே 40 கேடயம்தான். நகரத்தின் சனத்தில் ஒன்று குறையும், அது வேறு. பக்ரறியில் பெல்ட்டுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஒரே மெசினில் காலையில் ஒரு சாமானை ஓடவிட்டால் மற்றச் சாமான் அன்று காலை ஓடவில்லை என்று அர்த்தம். நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு தேரும் நீங்கள் நாட்டாத ஒரு நகரம். வெறுங்காணி சுற்றிவரக் கிடக்கும் வரைக்கும் அதைவிட்டு அடுத்தவன் காணிக்கு ஓடுவது கெட்டித்தனம் அல்ல. காணி முடிந்து இரண்டு எல்லையும் முட்டுகிற நேரம்தான் தேருக்கு உரிய நேரம்.

ஆகவே எமது ஒழுங்கு இதுதான். முதலில் வெண்கல வேலை. ஊருக்கு ஒரு பலாங்ஸ் காவலுக்கு. அது நடக்கும்போதே பத்துக் கேடயத்துக்கு ஒரு மிலிசியாவைக் கட்டி நாலு பக்கமும் அனுப்பிப் பாருங்கள். இது தீவா, பெருநிலமா, வேறு ஆட்கள் இருக்கிறார்களா என்று தெரியாமல் இரண்டாவது கலையைத் தெரிவு செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவது போல. தீவில் நீங்கள் தனியே என்றால் சில்லால் என்ன பலன்? தேர் கடலில் ஓடாது. அரிச்சுவடியை எடுங்கள். அதிலிருந்து எழுத்து, சட்டக்கோவை, வரைபடக் கலை என்று மூன்று கதவு திறக்கும். வரைபடம் வந்தால் கப்பல் வரும், ஆனால் அந்தப் பழங்காலக் கப்பலைக் கரையை விட்டுத் தூரத்தில் இரவு தங்கவிடாதீர்கள், தாண்டுபோகும்.

அயலான் அதே நிலத்தில் இருந்தால் முதலில் கதைத்துப் பாருங்கள். தெரிந்த கலையை மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்களே சிலவேளை கேட்பார்கள். ஒரு கேடயமும் செலவில்லாமல் ஒரு கலை வருகிறது என்றால் வேறென்ன வேண்டும்? பெடியள் இதைச் சோம்பல் விளையாட்டு என்கிறார்கள். சொல்லட்டும். (காந்தி அணுகுண்டு போடுவார் என்று கேட்கிறவர்களுக்கு: அது கணனியின் எண் பிழையால் வந்தது என்று வருடக்கணக்காகப் பேசப்பட்ட கதை. அப்படியொரு பிழை இருக்கவில்லை என்று சிட் மையர் 2020 இல் வெளிவந்த தமது நினைவு நூலில் எழுதிவிட்டார்.)

அடித்துப் பிடிப்பதால் வரும் இலாபத்தை மறைக்கத் தேவையில்லை. ஒரு நகரத்தைப் பிடித்தால் அதன் பொன்னில் ஒரு பங்கு வரும். அதோடு அவனுக்குத் தெரிந்து எமக்குத் தெரியாத ஒரு கலையும் வரும். படிப்பு மெதுவாகப் போகிற ஆட்களுக்கு இது பெரிய குறுக்கு வழி. தலைநகரே விழுந்தால் சிலவேளை அந்த நாடு இரண்டாக உடைந்து உள்நாட்டு யுத்தம் என்று அறிவிப்பு வரும். அதைப் பார்த்துக் கைதட்டுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது பெரியவர்கள் முகம் ஒரு மாதிரிப் போவதை நாம் கண்டிருக்கிறோம்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. மதில் இல்லாத நகரத்தில் ஒரு காவற்படையை நீங்கள் அழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நகரத்தின் அளவு ஒன்று குறையும். பிடிக்கும்போது இன்னொன்று குறையும். அளவு 1 இல் இருக்கிற நகரத்தைப் பிடிக்கவே முடியாது. அது இல்லாமற் போய்விடும். அதாவது அளவு 3 உள்ள நகரத்தில் இரண்டு காவற்படை இருந்தால், இரண்டையும் வென்று உள்ளே போகிற நேரம் உள்ளே ஊர் இருக்காது. ஆட்டக்காரர் கணக்கில் பார்த்தால் மூன்று தேரை ஓட்டிப்போய் வெறும் புல்வெளியைப் பிடித்திருக்கிறார். ஆகவே அளவு 5, 6 என்று வளர்ந்த, காவல் குறைந்த நகரத்தையே தேடுங்கள்.

அளவு என்பது வெறும் எண் அல்ல என்பதையும் நகரப் பக்கத்தில் பார்க்கலாம். 1 என்றால் 10,000 பேர். 2 என்றால் 30,000. 3 என்றால் 60,000. 3 இலிருந்து 2 ஆகும்போது 30,000 பேர் திரையில் இல்லை. அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று சிவிலோபீடியாவில் தேடினோம். அந்தச் சொல்லுக்கு அங்கே பக்கம் இல்லை. பக்கத்து நகரத்தின் அளவும் அந்தச் சுற்றில் கூடுவதில்லை.

எம்மோடு வேலை செய்கிற அண்ணை ஒருவர் எப்போதும் முதலில் மேசன் வேலையைத்தான் எடுப்பார். அது வந்தவுடன் ஊருக்கு ஊர் மதில். ஒரு மதில் 120 கேடயம், மூன்று கூட்டம் குடியேறிகளின் விலை. "அண்ணை, அதுக்குள்ளே மூன்று ஊர் நாட்டியிருக்கலாமே" என்று கேட்டால், "மதில் இல்லாத ஊரிலை எனக்கு நித்திரை வராது தம்பி" என்பார். ஆட்டமாகப் பார்த்தால் இது பிழையான ஆட்டம். அவரின் நாடு எப்போதும் சின்னது, படிப்பில் எப்போதும் பின்னுக்கு. ஆனால் மதில் காவலை மும்மடங்காக்கும். தேருக்கு அதில் வேலையில்லை. கணக்குத் தெரிந்தால் வரும் கல்லெறி பொறிக்குத் தாக்குதல் 6, அதுவும் தடுமாறும். மதில் இருக்கிற ஊரில் காவற்படை செத்தாலும் சனம் குறைவதில்லை. அவருடன் இருந்து ஆடிய நாளெல்லாம் அவர் ஒரு நகரத்தை இழந்து நாம் காணவில்லை. எல்லா ஊருக்கும் வேண்டாம், எல்லையில் இருக்கிற ஊருக்கு மட்டும் கட்டுங்கள் என்பதுதான் எமது கருத்து. அவர் கேட்கப் போவதில்லை.

இதே விதி அயலானுக்கும் உண்டு என்பதால் அடிப்பதற்கும் ஒரு கடைசி நாள் இருக்கிறது. அவன் மேசன் வேலையைக் கற்று மதில் எழுப்பும் வரைதான் தேரின் காலம். எல்லையில் இருக்கிற அவன் ஊரில் மதில் கண்டால் தேர் கட்டுவதை அன்றைக்கே நிறுத்துங்கள்.

அடிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சொல். வெளியிலே ஒரே கட்டத்தில் மூன்று தேரையும் அடுக்கி நிறுத்தாதீர்கள். அந்தக் கட்டத்தில் காவலுக்கு நிற்கும் ஒன்று தோற்றால் மூன்றும் போகும், தேரின் காவல் வெறும் 1. ஒரு பலாங்ஸை முன்கூட்டியே நடக்கவிட்டு அதனோடு சேர்த்து நிறுத்துங்கள். பிடித்த ஊருக்குள் இருக்கவும் அதே பலாங்ஸ் உதவும்.

மன்னராட்சிக்கு எப்போது மாறுவது என்று கேட்டவர்களுக்கு இம்முறை இடம் போதவில்லை. அரிச்சுவடி, சட்டக்கோவை, ஈமச்சடங்கு மூன்றையும் முடித்து வையுங்கள். சர்வாதிகார ஆட்சியில் இரண்டுக்கு மேல் விளைகிற கட்டமெல்லாம் ஒன்றை இழக்கிற கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.