நிமிடக் கணக்கு யாருக்கு லாபம்?

மின்கார்களுக்கான பொது வேகமின்னேற்றத்தில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதே எளிது என வாதிடுவோரை மல்லாங்கிணறுக்கு அழைக்கிறேன். இங்கே வத்தல் மூட்டையை எடை போட்டுத்தான் விலை பேசுகிறோம். தராசில் அது கிடந்த நேரத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை.

எண்பது சதவீதத்தைத் தாண்டினால் பாட்டரியில் மின்சாரம் மெல்லத்தான் ஏறும். சித்திரை வெயிலில் சூடேறிவிட்டால் அதற்கு முன்பே வேகம் குறையலாம். நிமிடக் கணக்கில் அந்த மந்தத்துக்கும் கார்க்காரரே அழ வேண்டும். விலையுயர்ந்த புதுக்கார் விரைந்து வாங்கிக்கொள்ளும் அதே யூனிட்டுகளுக்குப் பழைய சிறுகாரின் சொந்தக்காரர் அதிகம் கொடுக்கிறார். இயந்திரம் பழுதாகி மெதுவாக ஓடினாலும் நிலையத்துக்கு நட்டமில்லை!

அமெரிக்காவின் சில மாநிலங்களில் நிமிடக் கணக்கு வந்தது நியாயம் கருதி அல்ல. மின் நிறுவனங்களைத் தவிர மற்றவர் யூனிட் கணக்கில் விற்கச் சட்டம் இடந்தரவில்லை என்பதால். இந்தியாவில் அந்தத் தடை கிடையாது. மின்னேற்றம் சேவையே, மின்விற்பனை அல்ல என்று மத்திய மின்துறை 2018-லேயே விளக்கிவிட்டது. ஏறி முடிந்த பின்னும் இடத்தை அடைத்து நிற்பவரிடம் நிமிடக் கட்டணம் வாங்கட்டும், மறுப்பில்லை.

2024-ஆம் ஆண்டின் மத்திய வழிகாட்டுதலின்படி, காலை 9 முதல் மாலை 4 வரை நிலையங்களுக்கான மின்கட்டணம் சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. வெயிலைத் தவிர வேறெதுவும் தாராளமாய்க் கிடைக்காத இந்தக் கரிசல் காட்டில், அந்தப் பகல் சலுகை நிலைய முதலாளியோடு நின்றுவிடுவது எந்த ஊர் நியாயம்?