கழற்றிய தகட்டைத் திரும்ப மாட்டுங்கள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், சைக்கிளில் பள்ளிக்கு வரும் மாணவர்களின் முதுகைக் கவனித்திருக்கிறீர்களா? சிலருடைய வெள்ளைச் சட்டையில், இடுப்பிலிருந்து கழுத்து வரை சேற்று நிறத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தச் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பாருங்கள். அங்கே மட்கார்டு இருக்காது. 'மட்கார்டு இல்லாவிட்டால்தான் வண்டி பார்க்க நன்றாக இருக்கிறது' என்று கழற்றி வைத்திருப்பார்கள்.

சைக்கிளில் நடக்கும் இதே காரியம் மோட்டார் வண்டிகளிலும் நடக்கிறது. காரின் எஞ்சினுக்குப் பக்கத்திலும் அடியிலும் சில தடுப்புத் தகடுகள் உண்டு. சக்கரம் வாரியடிக்கும் சேறும் நீரும் எஞ்சின் மேல் படாமல் காப்பதே அவற்றின் வேலை. பழுது பார்க்கும்போது இவற்றைக் கழற்றுவார்கள். வேலை முடிந்ததும் மாட்டாமல் விட்டுவிடுவதும் உண்டு. 'இது எதுக்கு சார்? வீண் கனம். நம்ம மதுரையில என்ன மழையா கொட்டுது?' என்ற பதிலைப் பட்டறைகளில் கேட்கலாம். வண்டிக்காரரும் சரியென்று தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். இது தவறு என்பது என் கருத்து. ஏன் தவறு என்பதை இயற்பியலைக் கொண்டு பார்ப்போம்.

இதற்கு நம் மாநிலத்திலேயே உருவான ஒரு பழைய காரை எடுத்துக்கொள்ளலாம். அதன் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் வெளிவந்த கார் இது. இதற்கு உருவம் கொடுத்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலியர். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்தது. இதே அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி 1962-ல் இங்கிலாந்தில் உருவாக்கிய பந்தயச் சாயல் கார்தான் 'ஸ்பிட்ஃபயர்'. ஆக, இரண்டும் ஒரு தாய் மக்கள். பழைய கார்ப் பிரியர்கள் இன்றும் இவற்றைப் பாதுகாத்து ஓட்டி வருகிறார்கள்.

இந்தக் கார்களில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற கார்களில் எஞ்சின் மூடி மட்டும் திறக்கும். இவற்றிலோ மூடியும், இரண்டு பக்கத்து மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். எஞ்சின் முழுவதும் வெட்டவெளியில் தெரியும். மெக்கானிக் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்! ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே நிலையான சுவர் கிடையாது. அந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் இரண்டு பக்கமும் அடிச்சட்டத்தோடு தடுப்புத் தகடுகளை மாட்டினார்கள். ஸ்பிட்ஃபயரின் சில வகைகளில் இவை வெறும் கெட்டி அட்டையால் ஆனவை. காலப்போக்கில் அட்டை ஊறிக் கிழிந்துவிடும். பிறகு அங்கே ஒன்றும் இராது.

இந்தத் தகடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது நொடிக்கு 10 மீட்டர். காரில் இருப்பவருடைய பார்வையில் டயரின் விளிம்பும் அதே வேகத்தில் சுழல்கிறது. டயரின் ஆரம் ஏறக்குறைய 30 செ.மீ. அந்த விளிம்பில் ஒட்டியிருக்கும் நீர்த்துளி வட்டமாகச் சுற்றிவர வேண்டுமானால் அதற்கு மையநோக்கு முடுக்கம் தேவை. திசைவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் நொடிக்கு நொடி 333 மீட்டர் என்று வரும். இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 30 மடங்குக்கும் அதிகம்! ரப்பரோடு நீர் ஒட்டிக்கொள்ளும் விசை பெரும்பாலான துளிகளை அவ்வளவு இறுகப் பிடித்து வைக்கப் போதாது. ஆகவே துளி வட்டப் பாதையை விட்டுத் தொடுகோட்டின் வழியே பறக்கிறது. 'மைய விலக்கு விசை வெளியே தள்ளியது' என்று சொல்வதைவிட, 'உள்ளே இழுக்கும் விசை போதவில்லை. துளி தன் நேர்வழியில் போனது' என்று சொல்வதே சரி.

சக்கரத்தின் பின்பாதி மேல்நோக்கிச் சுழல்கிறது அல்லவா? அங்கிருந்து செங்குத்தாகக் கிளம்பும் துளி எவ்வளவு உயரம் போகும்? வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் சுமார் 5 மீட்டர். காற்றின் தடையால் இது குறையும். ஆனால் எஞ்சின் இருப்பதோ தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்! ஒரு மீட்டர் உயரத்தை எட்ட நொடிக்கு நாலரை மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர் போதும். அது சைக்கிள் வேகம். சட்டையின் முதுகில் கோடு விழுந்த காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

எல்லாத் துளியும் மேலேயே போவதில்லை. டயர் தரையை அழுத்தும் இடத்தில் நீர் பிதுங்கிப் பக்கவாட்டில் பீறிடுகிறது. மட்கார்டின் உட்புறத்தில் மோதிச் சிதறும் துளிகளும் பக்கத்தில் பாய்கின்றன. முன்சக்கரத்தைத் திருப்பும்போது இந்த வீச்சின் திசையும் திரும்பும். ஹெரால்டு 25 அடி விட்டத்துக்குள் வட்டமடித்துவிடும் என்பது அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட பெருமை. சக்கரம் அவ்வளவு தூரம் திரும்பினால் சேற்றின் வீச்சும் எஞ்சின் பக்கம் திரும்பத்தானே செய்யும்?

எஞ்சினில் நீர் பட்டால் என்ன கெடும்? முதலில் மின்சாரம். பேட்டரி தருவது 12 வோல்ட்தான். காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை முறைப்படி ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்புகிறது. தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆனால் தெருவில் ஓடும் நீர் தூய நீரா? உப்பும் மண்ணும் கரைந்த அந்த நீர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேலும் ஒயர்களின் மேலும் ஒரு மெல்லிய படலமாகப் படிந்தால், உயர் மின்அழுத்தம் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியே கசிந்துவிடும். தீப்பொறி பிறக்காது. தேங்கிய நீரைக் கடக்கும்போது வண்டி நடுவில் நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, துரு. இரும்போடு நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். உப்பு சேர்ந்தால் அது விரைவாகும். நீர் மட்டும் பட்டால் எஞ்சின் சூட்டில் சீக்கிரம் உலர்ந்துவிடும். சேறு அப்படியல்ல. மூலை முடுக்குகளில் அப்பிக்கொண்டு ஈரத்தைப் பல நாள் தேக்கி வைக்கும்.

இனி, தகடு வேண்டாம் என்பவர்களின் வாதங்களுக்கு வருவோம். அவற்றை ஒதுக்கிவிடக் கூடாது; ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும்.

'மதுரையில் மழை குறைவு' என்பது முதல் வாதம். உண்மைதான். ஆண்டுக்குச் சுமார் 85 செ.மீ. மழைதான். ஆனால் அதில் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. தகட்டுக்கு வேண்டியது ஆண்டு முழுவதும் பெய்யும் மழையன்று. ஒரு நாள் மழை போதும். மேலும், மழை இல்லாத நாளில் சக்கரம் சும்மா இருக்கிறதா? திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் மண், மற்ற பக்கங்களில் செம்மண் என்று புழுதியையும் சிறு கற்களையும் அது வாரி இறைத்துக்கொண்டே இருக்கிறது. தகடு பத்து மாதம் புழுதியைத் தடுக்கிறது. இரண்டு மாதம் சேற்றைத் தடுக்கிறது.

'தகட்டை மாட்டினால் எஞ்சின் சூடேறும்' என்பது இரண்டாவது வாதம். கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் ஊரில் இது நியாயமான கவலை. ஆனால் எஞ்சின் அறை ஒரு ஜன்னல் வீடு அன்று, பக்கத்தைத் திறந்துவிட்டால் காற்று வந்து குளிர்வதற்கு. காற்று முன்புறமாக ரேடியேட்டர் வழியே நுழைந்து, எஞ்சினைத் தழுவி, அடிப்பக்கமாக வெளியேற வேண்டும். அழுத்த வேறுபாடுதான் அதை ஓட வைக்கிறது. பக்கம் திறந்திருந்தால் காற்று உள்ளே வருமா, வெளியே போகுமா என்பது வண்டியின் வடிவத்தையும் வேகத்தையும் பொறுத்தது. இன்னொன்று: எண்ணெய்ப் பிசுக்கில் அப்பிக் காய்ந்த மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. எஞ்சினுக்கு அது ஒரு கம்பளிப் போர்வை. ஆகவே ஊகத்தை விட்டுவிட்டு அளந்து பார்ப்பதே வழி. ஒரே சாலையில், ஒரே நேரத்தில், தகட்டோடு ஒரு நாளும் தகடு இல்லாமல் ஒரு நாளும் ஓட்டி வெப்பநிலை முள்ளைக் குறித்துக்கொள்ளட்டும். அளக்காமல் சொல்லும் தீர்ப்பு அறிவியலில் செல்லாது.

'வீண் கனம்' என்பது மூன்றாவது. 80 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 1 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகட்டின் கன அளவு 280 க.செ.மீ. அலுமினியத்தின் அடர்த்தி 2.7. எனவே எடை ஏறக்குறைய 750 கிராம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ. ஹெரால்டின் எடையோ சுமார் 800 கிலோ! உங்கள் புத்தகப் பையை வண்டியில் ஏற்றினால் இதைவிடக் கனம் கூடும்.

நான்காவதாக ஒரு வாதம் உண்டு. அதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் பத்துப் போல்ட்டுகளைக் கழற்றி மாட்டுவது பெரும் தொல்லை. துருப்பிடித்த போல்ட்டு உடைந்தும் போகும். ஆனால் இதற்குத் தீர்வு தகட்டைக் குப்பையில் போடுவது அன்று. மாட்டும் முறையைத் திருத்துவது. கையாலேயே திருகக்கூடிய நட்டுகளைப் போடலாம். ஊறிப்போகும் அட்டைக்குப் பதிலாக, அதே வடிவில் அலுமினியத்தை வெட்டிக்கொள்ளலாம். அப்போது ஒன்றை மறக்கக் கூடாது. அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறு மின்கலம் போலாகி அலுமினியம் அரித்துப் போகும். இடையே ரப்பர் வாஷர் வைக்க வேண்டும். தகட்டின் அடியில் நீர் வடிய வழியும் விட வேண்டும். வழி இல்லாவிட்டால் தகடே சேற்றைத் தேக்கும் தொட்டியாகிவிடும். தவறாக மாட்டிய தகடு, மாட்டாத தகட்டைவிடக் கெடுதல்.

இத்தனை நன்மை செய்யும் ஒரு பொருளை ஏன் வேண்டாத பொருளாக நினைக்கிறோம்? அதன் வேலை கண்ணுக்குத் தெரியாததே காரணம். விளக்கு எரிந்தால் தெரிகிறது. ஹாரன் அடித்தால் கேட்கிறது. தடுப்புத் தகடு வேலை செய்தால் ஒன்றும் நடப்பதில்லை. அந்த 'ஒன்றும் நடக்காமை'தான் அதன் வேலை!

இந்த மறதி காரோடு நிற்பதில்லை. மதுரையில் மழைநீர்க் கால்வாய்கள் ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கின்றன. வறண்டு கிடப்பதால் பயனற்றவை என்று எண்ணிக் குப்பையைக் கொட்டுகிறோம். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்களும் வீடுகளும் நீரில் நின்றபோதுதான், கால்வாய் எதற்காக இருக்கிறது என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது.

உயிரோடு விளையாடும் மறதியும் உண்டு. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டி, பக்கவாட்டில் ஒரு தடுப்பு இருக்கும். பின்னால் உட்காருபவரின் சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்காமல் காப்பது அது. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் அது மறைக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அதையும் அழகுக்காகக் கழற்றிவிடும் இளைஞர்களைக் காண்கிறோம். காரின் தகடு போனால் எஞ்சின் நிற்கும். இந்தத் தடுப்பு போனால் அம்மாவோ தங்கையோ கீழே விழுவார்கள்.

ஆகவே மாணவர்களே, ஒரு பொருளைக் கழற்றுமுன் 'இது எந்தத் தீமையைத் தடுக்கிறது?' என்று கேளுங்கள். விடை தெரிந்த பிறகு வேண்டாமென்று முடிவு செய்தால் அது அறிவு. விடை தெரியாமல் கழற்றினால் அது வெறும் அவசரம்.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். மட்கார்டு இல்லாத சைக்கிள் ஒன்றை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பின்சக்கரத்தைச் சுற்றியும் பக்கத்திலும் பழைய செய்தித்தாள்களைப் பிடிக்கச் சொல்லுங்கள். மிதியைச் சுற்றிக்கொண்டே டயரில் காவி கரைத்த நீரைச் சொட்டு விடுங்கள். விரல்கள் ஆரக்கம்பிகளின் அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துளிகள் எங்கெங்கே விழுந்தன? வேகத்தைக் கூட்டினால் என்ன மாற்றம்? பிறகு கெட்டி அட்டையை மட்கார்டு போல வளைத்துக் கட்டி, மறுபடியும் செய்யுங்கள். இரண்டு செய்தித்தாள்களையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவையுங்கள். பிறகு, கழற்றி வைத்த மட்கார்டு வீட்டுப் பரணில் கிடந்தால் தேடி எடுத்து மாட்டிவிடுங்கள்.