விஞ்ஞானத்தின் பேரால் ஒரு லட்சம் கோடி: யார் வீட்டுப் பணம்? யார் கைக்குப் போகிறது?

ஒரு லட்சம் கோடி ரூபாய்! இலக்கத்தில் எழுதினால் ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு பூஜ்யம். இந்தியாவின் 140 கோடி ஜனங்களுக்கும் பிரித்துப் பார்த்தால் தலைக்கு 714 ரூபாய். நாலு பேர் உள்ள குடும்பத்தின் பங்கு ஏறத்தாழ 2,850 ரூபாய்.

இந்தத் தொகையை ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் ஒதுக்குவதென்று 2025 ஜூலை 1-ந் தேதி மத்திய மந்திரி சபை முடிவு செய்தது. நவம்பர் 3-ந் தேதி பிரதம மந்திரி டெல்லியில் விழா நடத்தித் துவக்கி வைத்தார். ஆறு வருஷத் திட்டம். 2025-26 பட்ஜெட்டிலேயே 20,000 கோடி எழுதினார்கள்.

“விஞ்ஞானத்துக்குத்தானே கொடுக்கிறார்கள், நல்லதுதானே?” என்று தோழர்கள் கேட்கலாம். விஞ்ஞானத்துக்குப் பணம் கொடுப்பது நல்லதுதான். கொடுக்க வேண்டாம் என்று எந்த உழைப்பாளியும் சொல்ல மாட்டான். ஆனால் இந்தப் பணம் விஞ்ஞானிக்குப் போகிறதா, முதலாளிக்குப் போகிறதா? போட்ட பணத்தில் விளைவது யாருக்குச் சொந்தம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் சர்க்கார் பதில் சொல்லியாக வேண்டும்.

தண்ணீர் எந்த வாய்க்காலில் பாய்கிறது?

2023-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. அதன்படி ‘அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம்’ என்று ஒரு ஸ்தாபனம் அமைந்தது. ஐந்து வருஷத்தில் 50,000 கோடி ரூபாய் செலவிடப் போவதாகத் தம்பட்டம் அடித்தார்கள். அதில் சர்க்கார் தருவது 14,000 கோடிதான். மீதி 36,000 கோடி தொழிலதிபர்களிடமிருந்தும் தர்மவான்களிடமிருந்தும் வரும் என்றார்கள். பத்தில் ஏழு பங்கை முதலாளியின் தர்ம சிந்தனையை நம்பிக் கணக்குப் போட்டார்கள்!

அந்த மை காய்வதற்குள் காட்சி தலைகீழாக மாறியது. முதலாளியின் பணம் விஞ்ஞானத்துக்கு வரும் என்றவர்கள், இரண்டே வருஷத்தில் ஜனங்களின் பணத்தை முதலாளிக்குக் கொடுக்கத் திட்டம் தீட்டிவிட்டார்கள். அதுதான் இந்த ஒரு லட்சம் கோடி.

இது நடக்கும் விதத்தைப் பாருங்கள். சர்க்கார் கஜானாவிலிருந்து தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பணம் போகிறது. ஐம்பது வருஷத் தவணை; வட்டி கிடையாது. அங்கிருந்து நிதி நிர்வாகக் கம்பெனிகள் போன்ற இடைநிலை அமைப்புகளுக்குப் போகிறது. அவர்கள் அதைத் தனியார் கம்பெனிகளுக்கு நீண்ட காலக் கடனாகக் கொடுக்கிறார்கள். குறைந்த வட்டி, அல்லது வட்டியே இல்லை. சில இடங்களில் பங்கு மூலதனமாகவும் போடலாம். ஒரு திட்டத்தின் செலவில் பாதி வரை இப்படிக் கிடைக்கும்.

அதுவும் எந்தக் கட்டத்தில்? ஒரு கண்டுபிடிப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் சோதிக்கப்பட்டு, “இது வேலை செய்யும்” என்று நிரூபணமான பிறகுதான். விதை முளைக்குமா முளைக்காதா என்று பல வருஷம் மண்டையை உடைத்துக்கொள்கிற வேலை கல்லூரிகளுக்கும் சர்க்கார் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும். முளைத்த பயிருக்கு வேலி போட்டுக் கொள்கிற வேலை கம்பெனிக்கு!

நம் வீட்டுப் பெண்கள் மைக்ரோ பைனான்ஸ் கம்பெனியில் வாங்குகிற கடனுக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல் வட்டி கட்டுகிறார்கள். ஒரு வாரம் தவணை தவறினால் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிறான். கம்பெனிக்கு மட்டும் வட்டியில்லாக் கடன்! இது என்ன நியாயம்?

முதலாளிகள் ஏன் கை நீட்டுகிறார்கள்?

நம் தேசத்தின் வருமானத்தில் நூறு ரூபாய்க்கு 64 காசுதான் ஆராய்ச்சிக்குப் போகிறது. இது 2020-21 கணக்கு. அதே காலத்தில் சீனா சுமார் 2 ரூபாய் 40 காசு செலவிட்டது. தென் கொரியா 4 ரூபாய் 80 காசு. அந்த தேசங்களில் ஆராய்ச்சிச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தொழில் நிறுவனங்கள் ஏற்கின்றன. இங்கே தனியார் துறையின் பங்கு 36 சதவிகிதம்.

இங்கே முதலாளிக்குச் சலுகை இல்லாததாலா இந்த நிலை? 2010 முதல் பல வருஷம் ஒரு விசித்திர விதி இருந்தது. கம்பெனி தன் ஆராய்ச்சிக் கூடத்தில் 100 ரூபாய் செலவிட்டால், 200 ரூபாய் செலவிட்டதாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அப்படியும் ஆராய்ச்சி பெருகவில்லை. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதத்துக்கு இறக்கினார்கள். புதிய ஆலைகளுக்கு 15 சதவிகிதம். இதனால் கஜானாவுக்கு ஒரு வருஷத்தில் 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி நஷ்டம் என்று நிதி மந்திரியே அன்று சொன்னார். விட்டுக்கொடுத்த அந்த ஒரு வருஷ வரி, இன்று ஆறு வருஷத்துக்கு ஒதுக்கியிருக்கிற ஆராய்ச்சி நிதியை விடப் பெரியது!

வரியை மிச்சப்படுத்தியவர்கள் அந்தப் பணத்தை ஆராய்ச்சியில் போட்டார்களா? போட்டிருந்தால் சர்க்கார் இன்று ஏன் ஒரு லட்சம் கோடியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓட வேண்டும்? நாம் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்தால் நூற்றுக்கு 18 ரூபாய் வரி. அதில் யாரும் நமக்குச் சலுகை தருவதில்லை.

மை, டிராக்டர், தடுப்பூசி

பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு மூன்று சாட்சிகளைக் கூப்பிடுவோம்.

முதல் சாட்சி உங்கள் இடது கை விரலிலேயே இருந்திருக்கும். ஓட்டுச் சாவடியில் வைக்கிற அழியாத மை. அதைத் தயாரிக்கும் முறையைக் கண்டவர்கள் டெல்லியில் உள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள். 1962 தேர்தல் முதல் அதைத் தயாரித்து வருவது மைசூரில் உள்ள பெயிண்ட் கம்பெனி. அது கர்நாடக சர்க்காருக்குச் சொந்தமானது. கண்டுபிடித்தது பொதுத்துறை, செய்வதும் பொதுத்துறை. வெளிநாடுகளுக்கும் அந்த மை போகிறது. லாபம் எந்தச் சீமான் வீட்டுக்கும் போகவில்லை.

இரண்டாவது சாட்சி ஸ்வராஜ் டிராக்டர். அந்நிய தேசத்து டிராக்டரை நம்பியிருந்த காலத்தில், துர்காபூரில் உள்ள சர்க்கார் ஆராய்ச்சிக் கூடத்து எஞ்சினீயர்கள் நம் சொந்த டிராக்டரை வடிவமைத்தார்கள். பஞ்சாப் சர்க்கார் கம்பெனி துவக்கி 1974-ல் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. நன்றாக ஓடிய கம்பெனி. ஆனால் 2003-ல் பஞ்சாப் சர்க்கார் தன் பங்கை விற்றது. 2007-ல் கம்பெனி மகீந்திரா வசம் போனது. பொதுப்பணத்தில் பிறந்த பிள்ளை தனியார் வீட்டுக்குச் சம்பாதிக்கப் போய்விட்டது.

மூன்றாவது சாட்சி கோவாக்சின் தடுப்பூசி. கொரோனா கிருமியைப் பிரித்தெடுத்துக் கொடுத்தது புனேயில் உள்ள சர்க்காரின் வைரஸ் ஆராய்ச்சி நிலையம். மத்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கூட்டாளியாக நின்றது. தயாரித்தது ஹைதராபாத் பாரத் பயோடெக் கம்பெனி. 2021 ஏப்ரலில், ஜனங்கள் ஆக்சிஜனுக்காகத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், கம்பெனி விலை அறிவித்தது. மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய். மாநில சர்க்கார்களுக்கு 600. தனியார் ஆஸ்பத்திரிக்கு 1,200. ஒரே மருந்துக்கு மூன்று விலை! கண்டனம் கிளம்பிய பிறகு மாநில விலையை 400 ஆக்கினார்கள். சர்க்கார் கவுன்சிலுக்குக் கிடைத்தது விற்பனையில் 5 சதவிகித ராயல்டி.

அந்த விஞ்ஞானிகள் செய்த வேலை மகத்தானது. அதை யாரும் குறைத்துப் பேசவில்லை. கண்டுபிடித்ததில் பங்கு இருந்த பொதுத்துறைக்கு விலை வைப்பதில் பங்கு ஏன் இல்லை? இதைத்தான் கேட்கிறோம். மை வழி ஒன்று, டிராக்டர் வழி ஒன்று, தடுப்பூசி வழி ஒன்று. புதிய நிதி இந்த மூன்றில் முதல் வழியை மூடிவிட்டு, மூன்றாவது வழிக்குத் தார் ரோடு போடுகிறது.

“உற்பத்தி பெருகினால் எல்லோருக்கும் வருமே!”

இப்படி ஒரு பாட்டை எப்போதும் பாடுவார்கள். தஞ்சை விவசாயத் தொழிலாளியிடம் போய் இதைப் பாடட்டும்! ஆடுதுறை சர்க்கார் ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்த ஏ.டி.டி. 27 நெல் 1960-களில் தஞ்சை வயல்களில் பரவியது. மகசூல் பெருகியது. நட்டவர்களும் அறுத்தவர்களும் கூலியில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார்கள். கிடைத்தது என்ன? 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் தீயில் வெந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம்.

விதை குற்றம் செய்யவில்லை. விஞ்ஞானியும் குற்றம் செய்யவில்லை. நிலம் யார் கையில் இருந்ததோ அவன் கைக்கு மகசூலும் போயிற்று. உடைமை யாரிடமோ, கண்டுபிடிப்பின் பலனும் அவனிடமே. ஆலையிலும் இதே கதைதான். யந்திரத்தின் வேகம் கூடுகிறது. ரிங் பிரேமில் சைடு பார்க்கிற தொழிலாளி முன்னைவிடக் கூடுதலாக ஓடுகிறான். கூடுதல் நூலின் லாபம் அவன் கூலிக் கவருக்குள் வருகிறதா?

முன்னே வசூலித்த பணம் எங்கே?

நிதி என்று பெயர் வைத்துவிட்டாலே பணம் விஞ்ஞானத்துக்குப் போய்விடாது. 1986-ல் ஒரு சட்டம் வந்தது. அந்நியத் தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்குகிற கம்பெனி, கொடுக்கிற தொகையில் 5 சதவிகிதத்தை ஆராய்ச்சி மேல்வரியாகக் கட்ட வேண்டும். சுதேசித் தொழில்நுட்பத்தை வளர்க்க அந்தப் பணம் என்றார்கள். 1996-ல் அதற்கென ஒரு வாரியமும் அமைத்தார்கள். வசூலான பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட வாரியத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கைகள் போட்டு உடைத்தன. மீதி கஜானாவின் பொதுக் கணக்கில் கரைந்தது. 2017-ல் அந்த மேல்வரியையே எடுத்துவிட்டார்கள்.

ஆக, கம்பெனியிடமிருந்து வசூலித்த ஆராய்ச்சி வரி ஒழிந்தது. கம்பெனிக்குக் கொடுக்கிற ஆராய்ச்சிக் கடன் பிறந்தது. நாற்பது வருஷத்துக்குள் ஆறு எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்துவிட்டது!

இதற்கு நடுவில் உண்மையான ஆராய்ச்சியாளனின் கதி என்ன? மத்திய பல்கலைக் கழகங்களில் தேசியத் தகுதித் தேர்வு உதவித்தொகை கிடைக்காத ஆராய்ச்சி மாணவனுக்கு மாதம் 8,000 ரூபாய். பத்து வருஷத்துக்கு மேல் அது உயராமல் கிடந்தது. கட்டிட வேலைக்குச் சித்தாளாகப் போனால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஏழை வீட்டுப் பிள்ளை விஞ்ஞானி ஆவது எப்படி?

நாம் கேட்பது என்ன?

“தனியார் கம்பெனிக்குக் கொடுக்காவிட்டால் கண்டுபிடிப்பு கிடங்கிலேயே தூங்கும், சந்தைக்கு வராது” என்பார்கள். எருமைப் பாலில் குழந்தை உணவு செய்யும் முறையை மைசூர் சர்க்கார் ஆராய்ச்சிக் கூடம் கண்டது. அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது அமுல் என்ற பால் உற்பத்தியாளர் கூட்டுறவு. கூட்டுறவாலும் முடியும், பொதுத்துறையாலும் முடியும். ஓட்டுச் சாவடி மையும் அதற்குச் சாட்சி.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று: பொதுப்பணம் பெறுகிற ஒவ்வொரு கம்பெனியிலும் அந்த அளவுக்குப் பொதுப்பங்கு இருக்க வேண்டும். பங்கு மூலதனம் போடலாம் என்று திட்டமே சொல்கிறது. அதைக் கம்பெனியின் விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்கு.

இரண்டு: அந்தப் பணத்தில் வருகிற காப்புரிமையில் தேசத்துக்குப் பங்கு வேண்டும். மருந்து, விதை, விவசாயக் கருவி ஆகியவற்றுக்கு விலை உச்சவரம்பு வேண்டும்.

மூன்று: எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு, எந்த வட்டிக்கு, எந்த வேலைக்கு என்ற பட்டியலை வருஷந்தோறும் பார்லிமெண்டில் வை.

நான்கு: தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் நிர்வாக சபையில் தொழிலதிபர்களுக்குச் சட்டப்படி இடம் இருக்கிறது. தொழிற்சங்கத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் இடம் கொடு.

ஐந்து: ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகையை உயர்த்து, மாதாமாதம் தவறாமல் கொடு. பொதுத்துறை ஆராய்ச்சிக் கூடங்களைப் பலப்படுத்து.

ஆறு: உழைப்பாளியின் உயிரைக் காக்கிற ஆராய்ச்சிக்குத் தனித்தொகை ஒதுக்கு. பஞ்சுத் தூசு நெஞ்சை அடைக்கிற பிசினோசிஸ் நோயைத் தொழில் நோய் என்று பழைய பாக்டரிச் சட்டமே ஒப்புக்கொண்டிருந்தது. பூச்சி மருந்து அடிக்கிற விவசாயத் தொழிலாளி நஞ்சைச் சுவாசிக்கிறான். சாக்கடைக் குழியில் இறங்கியவன் விஷவாயுவில் மடிகிறான். இவற்றில் லாபம் இல்லை. ஆகவே எந்தக் கம்பெனியும் கடன் கேட்டு வரப் போவதில்லை. லாபம் இல்லாத இடத்தில் உயிர் இருக்கிறது. அங்கேதான் பொதுப்பணம் முதலில் போக வேண்டும்.

தோழர்களே! நிதி, தொழில்நுட்பம், காப்புரிமை என்ற வார்த்தைகளைக் கேட்டு “இது படித்தவர்கள் சமாசாரம்” என்று ஒதுங்கிப் போகாதீர்கள். ஆலை வாயிலில் பேசுங்கள், நடவு வயலின் வரப்பில் பேசுங்கள், டீக்கடையில் பேசுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிற எம்.பி.யிடம் உங்கள் விரலில் வைத்த மையைக் காட்டிக் கேளுங்கள்: “இதைப் பொதுத்துறை கண்டது, பொதுத்துறை செய்தது. எங்கள் லட்சம் கோடியை மட்டும் ஏன் தனியாருக்கு வாரிக் கொடுக்கிறீர்கள்?”

பணம் நம்முடையது. விஞ்ஞானமும் நம்முடையதாக இருக்க வேண்டும்!