சட்டம் எண்ணெய்ச் சட்டிக்கு வரட்டும்!

ஆலைச் சங்கு ஊதியதும் வாசல் டீக்கடையில் ஒரு வடை, ஒரு கிளாஸ் டீ. நடவு முடிந்து கரையேறும் பெண்களுக்குப் பொட்டலத்தில் இரண்டு பஜ்ஜி. வீட்டில் காத்திருக்கும் குழந்தைக்கு ஒரு வர்க்கி. உழைப்பாளியின் பசியை அடக்குவது இவைதாம். இவற்றில் சேரும் எண்ணெயும் கொழுப்பும் எப்படிப்பட்டவை என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

தாவர எண்ணெயில் நிக்கல் உலோகத்தின் துணையோடு ஹைட்ரஜன் வாயுவை ஏற்றினால் அது நெய்போல் உறைகிறது. இதுவே வனஸ்பதி. 1937இல் டால்டா என்ற பெயரில் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது. நெய் வாங்க வழியில்லாத வீடுகளில் அதுவே நெய்யாயிற்று. விலை மலிவு, சீக்கிரம் கெடாது. வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் ஹைட்ரஜன் ஏற்றுவதைப் பாதியில் நிறுத்தும்போது 'டிரான்ஸ் கொழுப்பு' என்ற கேடு அதில் உண்டாகிறது.

இக்கொழுப்பு மாரடைப்புக்கு வழிவகுக்கும் என்பது நிரூபணமான உண்மை. கேடு அத்துடன் நிற்கவில்லை. உடலின் காவற்படையான நோய் எதிர்ப்புச் சக்தியையும் அது தடம் புரளச் செய்கிறது. காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து வீங்குகிறதல்லவா? காவற்படை அங்கே வேலை செய்கிறது என்று அர்த்தம். வேலை முடிந்ததும் வீக்கம் வடிந்துவிடும். டிரான்ஸ் கொழுப்பை அன்றாடம் அதிகம் உண்பவர் உடலிலோ, பகைவன் இல்லாத இடத்திலும் இந்த அழற்சி உமித்தீயாகக் கனன்றுகொண்டிருக்கக் காண்கிறார்கள் விஞ்ஞானிகள். அமெரிக்காவில் 730 செவிலியரின் ரத்தத்தைச் சோதித்து 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்னும் புரதம், இக்கொழுப்பை மிகக் குறைவாக உண்டவர்களைவிட மிக அதிகமாக உண்டவர்களிடம் 73 சதவிகிதம் கூடுதலாக இருந்தது. ஓயாத இந்தக் கனல் ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது. படுத்துவிட்டால் கூலியை இழப்பது யார்? கடன்படுவது யார்?

டென்மார்க் 2003இலேயே கொழுப்பில் 2 சதவிகிதத்துக்கு மேல் இது கூடாதென்று சட்டம் போட்டது. நம் நாட்டில் நடந்தது என்ன? நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் பிடிபட வேண்டும் என்பதற்காக, வனஸ்பதியில் 5 சதவிகிதம் நல்லெண்ணெய் சேர்க்கும் விதி நீண்ட காலமாக இருந்தது. நெய் வாங்குகிறவரின் பணத்துக்குக் காவல் இருந்தது. வனஸ்பதி தின்கிறவரின் உயிருக்கு இல்லை! 2011 விதிகளில்தான் 10 சதவிகிதம் என்று வரம்பு கட்டினார்கள். பிறகு 5 ஆயிற்று, 2021இல் 3, 2022 ஜனவரி முதல் 2. காலங்கடந்து வந்தாலும் நல்ல சட்டம். வரவேற்கிறோம்.

ஆனால் சட்டம் காகிதத்தில் இருந்தால் போதுமா? பெயரோ முத்திரையோ இல்லாமல் சில்லரையாக விற்கும் கொழுப்பைச் சோதிப்பது யார்? ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினாலும் இக்கொழுப்பு கூடுகிறது. வடை சுடும் சகோதரியை நாம் குறை கூறவில்லை. மிஞ்சிய எண்ணெயைக் கொட்டவிடாமல் அவர் கையைத் தடுப்பது எண்ணெய் விலை.

ஆகவே நாம் கோருகிறோம்: சோதனை பெரிய கம்பெனிகளின் கிடங்கிலிருந்தே தொடங்கட்டும். உணவுப் பரிசோதனை அதிகாரிகளின் எண்ணிக்கையைச் சர்க்கார் உயர்த்தட்டும். ரேஷன் கடையில் தரமான சமையல் எண்ணெய் கட்டுபடியான விலைக்குக் கிடைக்கட்டும். ஆலைக் காண்டீனில் என்ன எண்ணெய் வாங்குகிறார்கள், எத்தனை முறை காய்ச்சுகிறார்கள் என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகள் கேட்டுப் பார்க்கட்டும். பாக்கெட் வாங்கும்போது டிரான்ஸ் கொழுப்பின் அளவைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

உழைப்பவனுக்கு உடல் ஒன்றே சொத்து. அதைக் காப்போம்!