திரையும் நம் பேச்சைப் பேசட்டும்

நம் ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், இரவெல்லாம் கண் விழித்து வானத்தை ஆராயும் ஆய்வகத்தை நாம் அனைவரும் அறிவோம். அங்குள்ள 2.34 மீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கியை 1986-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். அதனை உருவாக்கக் கனவு கண்ட வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. பல டன் எடையுள்ள அந்தக் கருவியை ஆய்வாளர் கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்தபடியே இயக்குகிறார். விண்மீனின் இருப்பிடத்தை எண்களாகக் கொடுத்தால் போதும். பாகன் சொல் கேட்ட யானையைப் போல் அது அத்திசை நோக்கித் திரும்பிவிடுகிறது.

அதே மலையில் சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் தாயொருத்தி, தன் மகளின் கல்வி உதவித்தொகைக்காகக் கைப்பேசித் திரையின் முன் நிற்பதை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. விடை எழுதினால் சிவப்பு எழுத்தில் ஏதோ ஒரு கண்டிப்பு. என்ன பிழை என்று அது சொல்வதில்லை. நடுவில் அலை போய்விட்டால் நிரப்பிய அத்தனையும் மறைந்து, முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. கடைசியில் அவள் பேருந்தேறிக் கடைவீதிக்குப் போகிறாள். முன்பின் அறியாத ஒருவரிடம் கைப்பேசியையும் இரகசிய எண்ணையும் சேர்த்துக் கொடுக்கிறாள். கூலியும் கொடுத்துவிட்டு, "நமக்கெல்லாம் இது எங்கே வரப்போகிறது!" என்று தன்னையே நொந்துகொண்டு வீடு திரும்புகிறாள்.

விண்மீனை எட்டத் தெரிந்த விஞ்ஞானத்துக்கு இந்தத் தாயை எட்டத் தெரியவில்லையா? யாருக்காகச் செய்கிறோம் என்பதை எண்ணிச் செய்தால் தெரியும். வானியலாளரின் திரை அவருக்குப் பழகிய கணக்கில் பேசுகிறது. தாயின் திரையோ அவளுக்குப் பழகாத மொழியில் அவளை அதட்டுகிறது. ஆகவே குறை அவளுடைய அறிவில் இல்லை, திரையைச் செய்தவரின் கவனத்தில்தான் உள்ளது என்பதே என் கட்சி.

வானொலியும் தொலைக்காட்சியும் பேசின. நாம் கேட்டோம், பார்த்தோம். இன்றைய கணிப்பொறியும் கைப்பேசியும் அப்படியல்ல. நாம் தொட்டால் அவை விடை தருகின்றன. நம்மிடம் கேள்வியும் கேட்கின்றன. இவ்வாறு மனிதரும் இயந்திரமும் சந்திக்கும் இடத்தைத் தமிழில் 'இடைமுகம்' என்கிறோம். அடிகுழாய்க்குக் கைப்பிடி எப்படியோ அப்படித்தான் கணிப்பொறிக்கு இடைமுகம். கைப்பிடி எட்டாத உயரத்தில் இருந்தால், கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் குடம் நிறையாது. இழுத்துத் திறக்க வேண்டிய கதவை வருவோர் எல்லாரும் தள்ளிக்கொண்டிருந்தால், குற்றம் தள்ளுவோர் மேல் இல்லை, கதவை வடிவமைத்தவர் மேல்தான் என்னும் கருத்தை அமெரிக்க உளவியல் அறிஞர் டொனால்டு நார்மன் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்தார். கதவுக்குப் பொருந்துவது திரைக்கும் பொருந்தும் அன்றோ?

"படிப்பில்லாதவர்களுக்கு ஏற்ற இயந்திரம் செய்வது நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்கலாம். நடந்திருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் 1982-ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில், 50 வாக்குச் சாவடிகளில் முதன்முதலாகப் பயன்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் அதுவே பயன்பட்டது. வேட்பாளரின் பெயருக்குப் பக்கத்திலேயே அவருடைய சின்னம் இருக்கிறது. பிற்காலத்தில் புகைப்படமும் சேர்ந்தது. சின்னத்துக்கு நேராக ஒரு நீலப் பொத்தான். அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிகிறது. நீண்ட ஒலி எழுகிறது. இப்போது அதனுடன் இணைந்துள்ள கருவியின் கண்ணாடிச் சாளரத்தில், யாருக்கு வாக்களித்தோம் என்னும் சீட்டு 7 விநாடிகள் தெரிகிறது. கண்பார்வையற்றோர் தொட்டு அறிய பிரெயில் எண்களும் உண்டு.

இதில் அடங்கியுள்ள பாடத்தைக் கவனியுங்கள். அந்த இயந்திரம் எல்லாரும் அறிந்த அடையாளத்தில் கேட்கிறது. "உன் விடை எனக்குக் கிடைத்தது" என்று ஒளியாலும் ஒலியாலும் சொல்கிறது. என்ன கிடைத்தது என்பதைக் காட்டவும் செய்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பட்டம் பெற்ற பேராசிரியரும் ஒரே பொத்தானை ஒரே நம்பிக்கையோடு அழுத்துகின்றனர். வாக்குக் கேட்கும் நாளில் இவ்வளவு எளிமை கூடுமானால், உதவித்தொகை கொடுக்கும் நாளில் மட்டும் ஏன் கூடாது?

நம் மொழிக்கும் இத்தகைய அக்கறை ஒரு முறை கிடைத்தது. தமிழில் எழுத்துகள் 247. இத்தனைக்கும் விசைகள் எங்கே வைப்பது? 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான 'தமிழ் 99' விசைப்பலகை இதற்கு விடை கண்டது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்னும் 31 இருந்தால் உயிர்மெய் தானே பிறக்கும் என்பது நாம் தொடக்கப் பள்ளியில் கற்றதே. அந்த இலக்கணத்தையே விசைப்பலகை பின்பற்றியது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்தன. 'அம்மா' என்று எழுத 'ம'வை இருமுறை தட்டினால் முதல் எழுத்தின் மேல் புள்ளி தானே விழுந்துவிடும். இயந்திரத்துக்காகத் தமிழை வளைக்காமல், தமிழுக்காக இயந்திரத்தை வளைத்தனர்.

இவ்வேலை பெரிய பொறியாளர்களுக்கு மட்டுமே உரியது என்று மாணவியர் ஒதுங்க வேண்டியதில்லை. 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறியின் திரைச் சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்னும் பெண்மணி. அவர் பொறியாளர் அல்லர். ஓவியமும் சிற்பமும் பயின்றவர். கட்டம் போட்ட தாளில், ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு புள்ளியாகக் கொண்டு, 32-க்கு 32 கட்டங்களுக்குள் அவர் சின்னங்களை வரைந்தார். கணிப்பொறி நலமாக இருக்கிறது என்பதற்கு ஒரு சிரித்த முகம்; பழுது நேர்ந்தது என்பதற்கு ஒரு வெடிகுண்டு! புள்ளிகளை எண்ணி வைத்து அவற்றுக்குள் தாமரையையும் தேரையும் அடக்கிக் காட்டும் கோலக் கலை நம் வாசல்களில் தினமும் நடப்பதுதானே? மார்கழியில் 21 புள்ளிக் கோலம் போடும் பெண்ணின் கைக்கு இந்த வித்தை அந்நியமானதன்று.

எதிர்க்கட்சியினர் இன்னொரு வாதத்தையும் வைப்பார்கள். "பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்கிறார்களே!" உண்மைதான். 1999-ஆம் ஆண்டில் பேராசிரியர் சுகதா மித்ரா புதுதில்லி கால்காஜியில் ஒரு சுவரில் துளையிட்டு, குடிசைப்பகுதிச் சிறுவர்கள் தொடும்படி ஒரு கணிப்பொறியை வைத்தார். ஆங்கிலம் அறியாத அச்சிறுவர்கள் தாமே தொட்டுத் தொட்டு அதை இயக்கக் கற்றனர். திரையில் நகரும் அம்புக்கு ஊசி என்றும், காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகைப் படத்துக்கு உடுக்கை என்றும் தங்கள் மொழியில் பெயரும் வைத்துக்கொண்டனர். ஆனால் அவர்களுக்கு விளையாட நேரம் இருந்தது. தவறு செய்தாலும் நட்டமில்லை. கடைசித் தேதிக்கு முந்தின நாள், கூலி வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்கும் தாய்க்கு அந்த ஓய்வு ஏது? ஒரு பொத்தான் தவறினால் ஓராண்டு உதவித்தொகையே போய்விடும் என்ற அச்சத்தில் விரல் எப்படித் துணியும்?

பெற்றோர்கள் இங்கே குறுக்கிட்டு, "எங்கள் கவலையே வேறு, பெண் கைப்பேசியை எடுத்தால் வைப்பதில்லை" என்பார்கள். இதுவும் இடைமுகத்தின் செயலே. முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் முறையை 2006-ஆம் ஆண்டில் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்பவர். அதன் தீமையைக் கண்டு பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். ஒரு காட்சி முடியுமுன் அடுத்தது தானே ஓடத் தொடங்குவதும் இதே வகைதான். பிள்ளையைக் கண்டிப்பது ஒருபுறம் இருக்கட்டும். நிறுத்தும் இடத்தையே எடுத்துவிட்டவரைக் கண்டிப்பவர் யார்?

இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தாய்க்கு உள்ளே போக வாசல் தெரியவில்லை. மகளுக்கு வெளியே வரக் கதவு இல்லை. பணம் ஈட்டித் தரும் திரைகளை மூன்று வயதுக் குழந்தையும் இயக்குமளவு எளிமையாக்குகிறார்கள். ஏழைக்கு உரியதைப் பெற்றுத் தரும் திரைகள் பலவற்றில் அந்த அக்கறையைக் காணோம். ஆகவே திறமை இல்லாமல் இல்லை. அது எந்தப் பக்கம் செலவாகிறது என்பதே கேள்வி.

நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. திரை முதலில் தமிழில் பேசட்டும். அதுவும் வீட்டுத் தமிழில் பேசட்டும். 'சமர்ப்பி' என்பதை விட 'அனுப்பு' என்றால் யாருக்கும் விளங்கும். 'கடவுச்சொல்' என்பதைக் கேட்டு, கடவுளின் சொல்லைத்தான் கேட்கிறார்கள் என்று ஒரு பாட்டி செபப் புத்தகத்தைத் தேடினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? 'இரகசியச் சொல்' என்றால் போதாதா? படிக்க இயலாதவருக்குத் திரை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். தவறு நேர்ந்தால் எங்கே, எப்படித் திருத்துவது என்று சொல்லட்டும். அலை போனாலும் நிரப்பியதைக் காத்து வைக்கட்டும். களை பறித்துத் தேய்ந்த விரலின் ரேகையை இயந்திரம் அறியாதபோது, 'பொருந்தவில்லை' என்று விரட்டாமல் வேறொரு வழியைக் காட்டட்டும். பிள்ளைகள் பார்க்கும் திரையில், "இன்றைக்கு இது போதும்" என்று எழுந்து போக ஒரு வாசல் இருக்கட்டும்.

அன்புத் தோழியரே, இந்த விடுமுறையில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். அம்மாவிடமோ பாட்டியிடமோ கைப்பேசியைக் கொடுத்து, அவருக்கு உண்மையிலேயே தேவையான ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் தொடாதீர்கள், சொல்லியும் கொடுக்காதீர்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறது, எந்தச் சொல்லில் நெற்றி சுருங்குகிறது என்பதை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இவ்வாறு ஐந்து பேரைக் கவனித்தாலே ஒரு திரையின் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இத்துறை வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். ஐந்து பேருக்கு நம் ஊரில் பஞ்சமா? திரை செய்வோர் பலர் இந்த மலைக்கு வந்து பார்த்ததில்லை. நாமோ இங்கேயே இருக்கிறோம்.

அந்தக் குறிப்பேடு ஆசிரியைகளின் கைக்கும், உரிய அலுவலகங்களின் கைக்கும் போகட்டும். "உங்கள் திரையில் இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் தடுமாறுகிறார்கள்" என்று பணிவோடும் உறுதியோடும் எழுதுவோம். நாளை நம்மில் சிலர் கணிப்பொறி கற்போம். சிலர் ஓவியம் கற்போம். சிலர் செவிலியராகவும் ஆசிரியையாகவும் இதே மலைக்குத் திரும்புவோம். யார் எப்பணி ஏற்றாலும் ஒன்றை மறவாதிருப்போம்: "எனக்குத் தெரியாது" என்று ஒரு தாய் தலைகுனியும்போது, அவளுக்குச் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, "தவறு உங்களுடையது இல்லை, அம்மா" என்பதே. அதைச் சொல்லிவிட்டு, தவறைத் திருத்தும் வேலையில் இறங்குவோம்.