கோழிக்குத் தடுப்புமருந்து இட்டால் மட்டும் போதுமா?

வெள்ளைக்கழிச்சல் புகுந்த கிராமத்தில் சில தினங்களுக்குள் கோழிக்கூடுகள் காலியாகிவிடுவது குடியானவர் யாவரும் அறிந்ததே. 1926-ம் வருஷத்தில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தருகிலும், 1927-ல் இந்தியாவில் ராணிக்கேத்திலும் கண்டறியப்பட்ட இவ்வியாதி வந்தபின் தீர்க்க மருந்தில்லை. வருமுன் தடுப்பதொன்றே வழி.

ஆயினும், மருந்திட்ட கோழிகளின் தொகையைக் கணக்கில் எழுதியதோடு காரியம் முடிந்ததென்று கருதுவது தவறு. உஷ்ணம் பட்ட தடுப்புமருந்து வீரியம் குன்றும். தாயின் காப்பு உடலில் இன்னும் எஞ்சியுள்ள குஞ்சுகளில் உயிருள்ள மருந்து சரிவரப் பற்றாமலும் போகலாம். முளைப்புத் திறனைச் சோதியாத விதையை நம்பி நாற்றுவிடுதல் எங்ஙனம் விவேகமாகாதோ, அங்ஙனமே இதுவும்.

மருந்து பற்றியதா என்பதை அறியப் பல முறைகள் உண்டு. அநேக மாதிரிகளை ஒரே சமயத்தில் சோதிக்க ஏற்றது 1971-ல் வெளிவந்த எலைஸா முறை. 96 சிறு குழிகளையுடைய தட்டில் நோய்க்கிருமியின் பொருளைப் படியவைத்து, கோழியின் இரத்தத்தெளிவை நீர்த்து அதில் இடுவர். அதில் எதிர்ப்பொருள் இருப்பின் கிருமிப்பொருளைப் பற்றிக்கொள்ளும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தட்டைக் கழுவியபின், கோழியின் இம்யூனோகுளோபுலினைப் பற்றவல்ல வேறோர் எதிர்ப்பொருளை இடுவர். ஆட்டிலோ முயலிலோ உண்டாக்கப்படும் இவ்விரண்டாம் எதிர்ப்பொருளுடன், குதிரைமுள்ளங்கி வேரிலிருந்து எடுத்த பெராக்ஸிடேஸ் என்னும் நொதி அடையாளமாக இணைக்கப்பட்டிருக்கும். மறுபடியும் கழுவித் தக்க இரசாயனத்தைச் சேர்த்தால் நிறம் தோன்றும். நிறம் மிகுந்தால் எதிர்ப்பொருள் மிகுதி என்று கொள்ளலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கோழியின் எதிர்ப்பொருளாகிய ஐஜிஒய், பாலூட்டிகளின் ஐஜிஜியினின்றும் அமைப்பில் வேறுபட்டது. முயலுக்கோ சுண்டெலிக்கோ உரிய அடையாளப்பொருளை இங்கு உபயோகித்தால் அது பற்றாது. காப்புள்ள கோழியும் காப்பற்றதாகத் தோன்றும். கழுவுதல் குறைந்தாலோ, காப்பற்ற கோழியிலும் பொய்நிறம் எழும். ஆதலால் எதிர்ப்பொருள் உண்டென்று தெரிந்த மாதிரி ஒன்றையும், இல்லையென்று தெரிந்த மாதிரி ஒன்றையும் ஒவ்வொரு தட்டிலும் உடன்வைத்தே தீர்மானித்தல் வேண்டும். வியாதி வந்து பிழைத்த கோழியிலும் எதிர்ப்பொருள் இருக்குமாகையால், மந்தையின் வரலாற்றையும் விசாரிப்பது அவசியம்.

இரத்தம் எடுப்பதற்குக் குடியானவர் தயங்கின், முட்டையிடும் கோழிகள் மட்டிலும் அதற்கும் பரிகாரமுண்டு. தாயின் எதிர்ப்பொருள் மஞ்சட்கருவில் சேர்வதை 1893-ல் கிளெம்பெரர் என்னும் ஜெர்மானிய அறிஞர் காட்டினார். ஆகவே முட்டையைக்கொண்டே சோதனை நடத்தலாம்; கோழிக்கு யாதொரு துன்பமும் இல்லை.

மருந்திட்ட இரண்டு மூன்று வாரங்களுக்குப்பின், கிராமந்தோறும் வெவ்வேறு வீடுகளிலிருந்து சில மாதிரிகளேனும் சோதிக்கப்படவேண்டும். காப்புக் குறைவென்று தெரிந்த இடத்தில் மருந்தை மீண்டும் இடுவதோடு, அது குளிர்ச்சியில் கொண்டுவரப்பட்டதா என்றும் ஆராயவேண்டும். இதற்காகும் செலவை வீண்செலவென்று எண்ணலாகாது. நாலைந்து கோழிகளை வைத்து உப்புக்கும் எண்ணெய்க்கும் முட்டை விற்கும் ஏழைக் குடும்பத்துக்கு அக்கோழிகளே மூலதனம். மருந்திட்டும் அவை மடியுமாயின், அடுத்த முறை அவ்வீட்டார் தடுப்புமருந்தை நம்பமாட்டார்கள்.