டிபாடி இல்லாமல் விழுப்புரம் போக முடியாது

"உலாவி சரியில்லைங்க!" நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் பலருக்கும் கைவசம் இருக்கும் சாக்கு இது. டேபிள் விஷயத்தில் மட்டும் இந்தச் சாக்கு செல்லாது.

ஒரு சின்ன பேருந்துப் பட்டியல். திண்டிவனம், விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று மூன்று டிஆர். டேபிளுக்குள் நேராகத் தட்டச்சு செய்தாகிவிட்டது, டிபாடி எழுதவில்லை. உலாவி கோபித்துக்கொள்ளாது. பக்கத்தைப் படிக்கும்போதே தானாக ஒரு டிபாடியை உண்டாக்கி, மூன்றையும் அதற்குள் உட்கார வைத்துவிடும். 1999-ல் வந்த எச்டிஎம்எல் 4.01 விதியும் அதுதான். டிபாடி என்று எழுதாமல் விடலாம். டிபாடியே இல்லாமல் விட முடியாது.

இப்போது நான்காவது வரிசையாக விழுப்புரத்தை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் சேர்க்க வேண்டும். கிரியேட்எலிமென்ட், அப்பெண்ட்சைல்டு என்று போட்டு நேராக டேபிளில் ஒட்டினால்? இங்கே உலாவி எதையும் திருத்தாது. சொன்னதைச் சொன்னபடி செய்யும். மூன்று ஊர்கள் டிபாடிக்கு உள்ளே, விழுப்புரம் மட்டும் வெளியே!

இப்படி ஒட்டிய வரிசையை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 திரையில் காட்டவே காட்டாது. எல்லோரும் அதைத் திட்டினார்கள். 2022-ல் எக்ஸ்புளோரருக்கே மூடுவிழா நடந்துவிட்டது. இன்றைய உலாவிகளில் விழுப்புரம் திரையில் தெரிகிறது. "தெரியுதில்ல, அப்புறம் என்ன?" என்பார்கள்.

ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. டிபாடிக்குள் இருக்கும் வரிசைகளை மட்டும் தேடும் நிரல் மூன்று ஊர்களைத்தான் எண்ணும். அகரவரிசைப்படுத்தினால் விழுப்புரம் அசையாது. கண்ணுக்குத் தெரியும், கணக்கில் வராது. அந்த வரிசை இரவின் கடைசிப் பேருந்தாக இருந்தால், தேடிப் பார்த்தவர் "பஸ் இல்லை" என்று நினைத்துத் திண்டிவனத்திலேயே தங்கிவிடுவார். எக்ஸ்புளோரர் 6 காட்டாமல் விட்டதால் தப்பு உடனே பிடிபட்டது. இப்போதைய தாராளம் தப்பை மூடி வைக்கிறது.

தீர்வு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வரிசையை டிபாடியில் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் இன்சர்ட்ரோ இருக்கிறது. காலியான டேபிள் என்றால் டிபாடியையும் அதுவே உண்டாக்கிக்கொள்ளும்.

உண்மையான கோளாறு பாடம் சொல்லும் முறையில் இருக்கிறது. குறிச்சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். உலாவி அவற்றை வைத்துக் கட்டும் மரத்தைக் காட்டுவதில்லை. நிரல் கை வைப்பது அந்த மரத்தில்தான். மரத்தைப் பார்க்காமல் கிளையை ஒட்டிவிட்டு உலாவியைத் திட்டி என்ன பிரயோஜனம்?